"கை"யில் விட்ட பாய்லர்

மே 6, திங்கள்

காலை மைனஸ் இரண்டு. பூமியின் இந்தத் தெற்குப் பாதியில் மே என்றால் குளிர் தொடங்கிவிடும். கார்க் கண்ணாடியில் பனியைச் சுரண்டவே பத்து நிமிடம். அடித்தளத்தில் இரண்டாவது பாய்லரின் தண்ணீர்ப் பம்ப் முனகுகிறதே என்று குனிந்து காது கொடுத்துக்கொண்டிருந்தேன். வார்விக் போன் செய்தார். கம்பெனியின் கட்டடங்களுக்கெல்லாம் பெரியவர். நல்ல சேதி என்றால் நேரில் வருவார், கெட்டது என்றால் போன்.

"கிளெனிஸ், மனசை விட்டுடாதீங்க. ரேலீனுக்குக் குடுத்துட்டாங்க."

கையில் இருந்ததை எல்லாம் அப்படியே போட்டுவிட்டு மேலே வந்தேன். முகத்தில் கிரீஸ் இருப்பதை லிஃப்ட் கண்ணாடியில்தான் பார்த்தேன்.

பருவநிலை இலக்குப் பொறுப்பாளர்! புதுப் பதவியின் பெயரைப் பார். பதினான்கு வருடமாக இந்த ஒன்பது மாடியையும் குளிரவைத்து, சூடாக்கிக் கொண்டிருப்பவள் நான். ரேலீன் எனக்கு மூன்று வருடம் பின்னால் வந்தவள். பழைய கேஸ் பாய்லர்களை நிறுத்திவிட்டு மொட்டைமாடியில், வெளிக்காற்றிலிருந்தே சூட்டை இழுக்கும் மின்சார ஹீட் பம்ப் வைக்கலாம் என்ற திட்டமே என் சாப்பாட்டு மேசையில், என் டீயைக் குடித்துக்கொண்டே, நாங்கள் இரண்டு பேரும் போட்டது. பதவி மட்டும் ஒருத்திக்கு.

மே 7

கேக் கொண்டுவந்தாள். எனக்குப் பிடித்த எலுமிச்சை கேக். "கோவமாடி?" என்று கேட்டாள்.

"எனக்கென்ன கோவம்? இனிமே நீங்க மேலிடம்."

"ஏய், நீங்க நாங்கன்னா கேக்கைத் திரும்ப எடுத்துட்டுப் போயிடுவேன்."

சிரித்தேன். வயிறு எரிந்தது. கேக் நன்றாகத்தான் இருந்தது, இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

ஒன்று மட்டும் முடிவு செய்துவிட்டேன். ஏப்ரலில் ஹீட் பம்ப் ஓடத் தொடங்கியாயிற்று. பாய்லர்கள் அவசரத்துக்கு மட்டும், அதுவும் ஜூன் 30 வரைக்கும். அவற்றை மூடிக் கழற்றுவது அவளுடைய திட்டம். அந்த அறைக்குள் இனி காலடி வைக்க மாட்டேன். அவள் பாடு.

மே 14, செவ்வாய்

இது என்ன?

சரக்கு இறக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கம்பிக்கூண்டுக்குள் கேஸ் மீட்டர் இருக்கிறது. காலை ஆறரைக்குக் குப்பைத்தொட்டியை நகர்த்தப் போனவள் சும்மா எட்டிப் பார்த்தேன். எண் ஓடுகிறது! சமையலறை எல்லாம் போன வருடமே மின்சாரத்துக்கு மாறிவிட்டது. பாய்லரைத் தவிர இந்தக் கட்டடத்தில் கேஸ் குடிக்க வேறு வாய் கிடையாது.

மேலே வந்து கணினித் திரையைப் பார்த்தேன். பாய்லர் ஒன்று: நிறுத்தம். பாய்லர் இரண்டு: நிறுத்தம்.

ஆக, திரையில் ஒன்று, தரையில் ஒன்று. அடிப்பாவி ரேலீன். உன் ஹீட் பம்ப் பனிக்குத் தாங்கவில்லை, அதனால் யாருக்கும் தெரியாமல் விடியற்காலையில் பாய்லரைப் பற்றவைக்கிறாய், அதுதானே? வேறு என்னவாக இருக்க முடியும்?

மீட்டரைப் போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

மே 15

இன்றும் ஓடுகிறது. இன்னொரு படம்.

மே 22

டெஸ் காலையில் பஸ் ஓட்டப் போகும் முன் டோஸ்ட்டில் வெஜிமைட் தடவிக்கொண்டே கேட்டார், "அவகிட்ட சொன்னியா?"

"நான் எதுக்குச் சொல்லணும்? அவளுக்குத் தெரியாமலா நடக்குது?"

"தெரியலன்னா?"

"தெரியலன்னா அந்தப் பதவிக்கு லாயக்கில்லன்னு அர்த்தம்."

என் புருஷன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கிளெனிஸ், உன் வயிறு எரியிற எரிச்சல்லயே அந்த ஒம்போது மாடியையும் சூடாக்கலாம். பாய்லரும் வேணாம், பம்ப்பும் வேணாம்."

மதியம் வரை அவரிடம் பேசவில்லை. பேசுவதற்கு அவர் வீட்டில் இருந்தால்தானே.

மே 29, புதன்

எல்லா ஊழியரும் கூடிய கூட்டத்தில் ரேலீன் பேசினாள். புதுச் சாம்பல் நிறக் கோட்டு. அவளுக்கு எடுப்பாகத்தான் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

"இந்த மாசம் கேஸ் பூஜ்யம்" என்றாள். கைதட்டல். இந்தக் கட்டடம் ஜூன் 30 வரை இரண்டு மாதம் கேஸே எரிக்காமல் ஓட்டிக் காட்டிவிட்டால் அடுத்த மூன்று வருடத்தில் கம்பெனியின் மற்ற ஆறு கட்டடங்களும் அதே வழிக்கு வருமாம். தவறினால் இயக்குநர் குழு மறுபடி யோசிக்குமாம்.

பிறகு அந்தக் கதையைச் சொன்னாள். மூன்று வருடத்துக்கு முன் பிப்ரவரி வெயிலில், வெளியே முப்பத்தெட்டு டிகிரியில், பாய்லர் எரிந்துகொண்டிருந்த கதை. ஏழாம் மாடியில் ஒரு குழாய் காற்றைக் குளிரவைக்க, பக்கத்துக் குழாய் அதையே சூடாக்கிக்கொண்டிருந்தது. "அதை நாங்க கண்டுபிடிச்சோம்" என்றாள்.

நாங்களா? நாங்களா! ஏழாம் மாடியின் பொய்க்கூரைக்குள் தலையை விட்டுக்கொண்டு, கழுத்தில் வியர்வை ஊற்ற, குழாயைக் கையால் தொட்டுப் பார்த்தவள் யார்? ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள் அவள். ஏணியைப் பிடித்தவள்!

பக்கத்தில் ஒருத்தி சொல்கிறாள், "இந்த வருஷம்தான் காலையில கட்டடம் கதகதப்பா இருக்கு, ரேலீன் கெட்டிக்காரி." கதகதப்பு எங்கிருந்து வருகிறது என்று எனக்கல்லவா தெரியும்.

போனில் பன்னிரண்டு படம் சேர்ந்திருக்கிறது. இருக்கட்டும். ஜூன் கடைசியில் இயக்குநர் குழு வருமாம், அதற்கு முன்னால் பார்த்துக்கொள்கிறேன்.

ஜூன் 10, திங்கள். மன்னர் பிறந்தநாள் விடுமுறை

ரேலீன் போன் செய்தாள். இரண்டு முறை. எடுக்கவில்லை. பிறகு ஒரு செய்தி: "மலையில பனி கொட்டியிருக்குடி, பார்க்கப் போலாமா?"

தலைவலி என்று பதில் போட்டேன். தலைவலி இல்லை. போகணும்னு ஆசையாத்தான் இருந்துச்சு. அதை வேற எழுதணுமா? எழுதிட்டேன்.

ஜூன் 18, செவ்வாய்

எப்படி எழுதுவேன்.

காலையில் இருபத்துநான்காவது படத்தையும் எடுத்துக்கொண்டு வார்விக் அறைக்குப் போனேன். என்ன நடிப்பு நடித்தேன்! "அவ என் சிநேகிதி. அவ மேல பழி சொல்ல எனக்கு வாய் வரல. ஆனா கம்பெனி பொய் சொல்லக் கூடாது பாருங்க." ஒவ்வொரு படமாகத் தள்ளித் தள்ளிக் காட்டினேன். வார்விக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வாங்க, கீழ போய்ப் பாத்துடலாம்."

ஆறு வாரம் கழித்து அந்த அறைக்குள் போகிறேன். உள்ளே வெதுவெதுவென்று இருக்கிறது. இரண்டாவது பாய்லர் நிம்மதியாக எரிந்துகொண்டிருக்கிறது. அதன் பெட்டியில் ஸ்விட்ச். மூன்று நிலை: கை, நிறுத்தம், தானியங்கி. தானியங்கியில் இருந்தால் கணினி சொல்வதைக் கேட்கும். "கை"யில் இருந்தால் யார் சொல்வதையும் கேட்காது. தண்ணீர் ஆறினால் தானே பற்றிக்கொள்ளும். திரைக்குத் தெரியவே தெரியாது, அது பாட்டுக்கு "நிறுத்தம்" என்றுதான் காட்டிக்கொண்டிருக்கும்.

ஸ்விட்ச் "கை"யில் இருந்தது.

"பாத்தீங்களா!" என்றேன். சத்தியமாக அப்படித்தான் சொன்னேன்.

யார் "கை"க்குத் திருப்பினாலும் பெயரும் தேதியும் எழுதி மஞ்சள் அட்டை மாட்ட வேண்டும். நான் கொண்டுவந்த விதி. மாட்டாதவர்களைக் கிழிகிழியென்று கிழித்தவளும் நான். அட்டை சுழன்று பின்பக்கம் காட்டிக்கொண்டிருந்தது. வார்விக்தான் திருப்பினார். திருப்பி, படித்து, என்னிடம் நீட்டினார்.

கிளெனிஸ். மே 6. பம்ப் சத்தம், சோதிக்கிறேன்.

என் கையெழுத்து.

நாற்பத்துமூன்று நாள். அவ இல்ல. நான்தான். அவ பேரு கெட்டுப்போகணும்னு நான் தினம் போய் எண்ணிப் பார்த்தது, என் கேஸை. ஐயோ, என் புத்தி ஏன் இப்படிப் போச்சு?

ஸ்விட்சைத் திருப்பினேன். பாய்லர் அணைந்தது. வார்விக் சொன்னார்: "ரேலீன்கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?" நீங்களே சொல்லுங்க என்றேன். கோழை.

ஜூன் 19

மைனஸ் ஐந்து. பாய்லர் இல்லாமல் ஹீட் பம்ப் மட்டும். எட்டு மணிக்கு எல்லா மாடியும் இருபத்தொரு டிகிரி. தாங்கிக்கொண்டது, சனியன். தாங்கக் கூடாது என்று இன்றைக்கும் ஒரு ஓரத்தில் நினைத்தேனே, நான் எல்லாம் என்ன ஜென்மம்?

ஜூன் 20, வியாழன்

ரேலீன் வந்தாள். கதவைச் சாத்தினாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை.

"கையில விட்டது பெரிசில்லடி. நானும் விட்டிருக்கேன், இந்த வேலையில யார்தான் விடல? ஆனா இருபத்துநாலு போட்டோ? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, 'ஏய் மீட்டர் ஓடுதுடி'ன்னு சொல்ல வாய் வரலையா?"

"நீ திருட்டுத்தனம் பண்றேன்னு நெனச்சேன்."

"நானா?"

அவ்வளவுதான். அந்த "நானா" இன்னும் காதில் இருக்கிறது.

ஜூன் 26, புதன்

மறுபடியும் கூட்டம். லேமிங்டன் கேக், டீ. இயக்குநர் குழுத் தலைவி முன்வரிசையில். நான் கடைசி வரிசையில் தட்டோடு நின்றேன்.

ரேலீன் சுற்றி வளைக்கவில்லை. "இலக்கு தவறிப்போச்சு. மே மாசக் கணக்கு பொய். நாப்பத்திமூணு நாள் ஒரு பாய்லர் எரிஞ்சிருக்கு. தப்பு என்னுது. திரையை நம்பினேன், நடந்து போய் மீட்டரைப் பாக்கல."

 பிறகு தலைவி எழுந்தாள். இவ்வளவு வெளிப்படையாகப் பேசிய ஒருவரை இந்தக் கம்பெனியில் பார்த்ததில்லை, மற்ற கட்டடங்களுக்கும் இவரே வேண்டும் என்றாள். கைதட்டல். மே மாதத்தை விடப் பலமாக! நின்றுகொண்டு தட்டுகிறார்கள்!

என்னால் தாங்க முடியவில்லை. என் திட்டம் போயிற்று, பதவி போயிற்று, ஏழாம் மாடிக் குழாய் போயிற்று. இப்போது என் தப்பையும் எடுத்துக்கொண்டு அதற்கும் கைதட்டல் வாங்குகிறாளே! அது ஒன்றாவது என்னுது இல்லையா?

"அது என் தப்பு" என்றேன். குரல் ரொம்பப் பெரிதாக வந்துவிட்டது. "ஸ்விட்சைக் கையில விட்டது நான். மீட்டர் ஓடுறது மே பதினாலுலேர்ந்து எனக்குத் தெரியும். வேணும்னேதான் சொல்லல."

கைதட்டல் நின்றது. யாரோ இருமினார்கள். எனக்கு ஒருவரும் தட்டவில்லை.

வெளியே வரும்போது வார்விக் தோளைத் தொட்டு, "மனசாட்சி உள்ளவங்க நீங்க" என்றார். மனசாட்சியா? இங்கே எழுதி வைக்கிறேன்: பொறாமை. சுத்தமான பொறாமை.

ஜூலை 2

எழுத்துப்பூர்வமான எச்சரிக்கை வந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வேலை போகவில்லை. போகக் கூடாது என்று ரேலீன் எழுதிக் கொடுத்தாளாம். வார்விக் சொன்னார். அவள் சொல்லவில்லை. அவள் என்னிடம் எதுவுமே சொல்வதில்லை இப்போது.

ஆறு கட்டடங்களுக்கான முடிவைக் குழு தள்ளிப்போட்டிருக்கிறது. ஆகஸ்ட் வரை ஹீட் பம்ப் தனியாகத் தாங்குகிறதா என்று பார்ப்பார்களாம்.

ஜூலை 9, செவ்வாய்

மைனஸ் ஆறு. காலை ஆறு மணிக்கு மொட்டைமாடியில் இரண்டாவது ஹீட் பம்ப் பனிக்கட்டி பிடித்து நின்றுவிட்டது. கீழே பதினெட்டு டிகிரி, இறங்கிக்கொண்டிருக்கிறது. யாருக்கும் சொல்லாமல் நானே சரிசெய்து பார்க்கலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. ஒரு நிமிடம்தான். போனை எடுத்தேன்.

"ரேலீன். ரெண்டாவது நின்னுடுச்சு."

"எப்போ?"

"பத்து நிமிஷம் ஆகுது. உடனே சொல்றேன்."

இருபது நிமிடத்தில் வந்தாள். இரவு உடைக்கு மேல் அந்தச் சாம்பல் கோட்டு, கையில் உறை கிடையாது. இருவரும் வெந்நீரை ஊற்றி, தகட்டில் இருந்த கட்டியைப் பெயர்த்தோம்.  அவள் விரல்கள் சிவந்துவிட்டன. என் உறையில் ஒன்றைக் கழற்றி நீட்டினேன். பார்த்தாள், வாங்கி மாட்டிக்கொண்டாள்.

இடதுகை உறை. வலதை நான் வைத்துக்கொண்டேன்.