வடம் இழுக்கப் போகிறவரின் காலைச் சோறு

வைகாசி, செவ்வாய்

காற்றே இல்லை. வாவி இன்னும் இறங்கிவிட்டது. வேலியோரம் சேறு வெடித்துக் கிடக்கிறது. கிணற்றிலும் தண்ணீர் குறைவு.

நான் படிப்பித்த காலத்தில் ஒருநாள். தேகப்பயிற்சி முடிந்து பிள்ளைகள் வேர்த்து வழிய வகுப்புக்கு வந்தார்கள். இராசம்மா என்றொருத்தி எழும்பிக் கேட்டாள்: "ரீச்சர், சாப்பிட்டுப்போட்டு ஓடுறதா, ஓடிப்போட்டுச் சாப்பிடுறதா நல்லம்?" ஒரே சிரிப்பு. நான் விளக்கை உதாரணம் காட்டினேன். எண்ணெய் வற்றினால் திரி கருகும். விளிம்புவரை ஊற்றினால் திரி மூழ்கி அணையும். நல்ல பதில் என்று எனக்கே பெருமை. எவ்வளவு எண்ணெய் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இன்று அது நினைவு வரக் காரணம் மருமகன். மழை பொய்த்தபடியால் இம்முறை அம்மனுக்குக் கொம்பு முறிப்பதாக ஊர் முடிவு. வளைந்த மரக்கொம்பு இரண்டை ஒன்றோடொன்று கொளுவி வடம் கட்டி, வடசேரியார் ஒரு பக்கம், தென்சேரியார் ஒரு பக்கம் இழுப்பது. எவர் கொம்பு முறிகிறதோ அவர் தோற்றார். நாங்கள் தென்சேரி. மகள் பூரணத்தைக் கட்டியவர் தகப்பன் வழியில் வடசேரி. வடத்தில் முன்னுக்கு நிற்பது அவர்தானாம். அதற்காக விடியமுன் வாவிக்கரையில் தண்டால், பஸ்கி, தென்னங்குற்றி தூக்குதல். கூட்டுக்கு அவருடைய சிநேகிதர் கந்தப்பன்.

போன மாரியில் மலைக்காய்ச்சலில் கிடந்து எழும்பிய உடம்பு. கழுத்தெலும்பு இன்னும் தெரிகிறது.

பூரணத்துக்கு இது ஏழாம் மாதம். அவளுடைய அப்பா வயல் வட்டைக்குள் விழுந்து கண்மூடியதும் ஒரு காலையில்தான், மண்வெட்டி கையில் இருக்க. அப்போது பூரணம் என் வயிற்றில். எழுதக் கை கூசுகிறது.

நாளை முதல் அவரை வெறும் வயிற்றோடு விடுவதில்லை.

புதன்

காகம் கரையமுன் எழும்பினேன். பழஞ்சோறு, எருமைத்தயிர், நேற்றைய மீன்குழம்பு. கூப்பனுக்குக் கிடைக்கும் அரிசி போதாது, அவித்த மரவள்ளி சேர்த்தேன். தட்டை நிறைத்து வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால். மாமி மருமகனோடு முகம் பார்த்துப் பேசும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. கேட்பது, சொல்வது எல்லாம் மகள் பூ. வழியாக. வீடு அவளுக்குச் சீதனமாய் எழுதியது. அடுப்பு மட்டும் இன்னும் என் கையில்.

தட்டு துடைத்து வைத்த மாதிரி. மனம் நிறைந்தது.

பகலில்: மிளகாய் காயவைத்தல். மூக்குக்கண்ணாடிச் சட்டம் கழன்றது, நூல் கட்டினேன்.

வியாழன்

கிணற்றடியில் ஓங்கரிக்கும் சத்தம். மருமகன் குனிந்து நிற்கிறார். சாப்பிட்டதெல்லாம் வெளியே. வெயில் பட்டதாம் என்றாள் பூ. விடியமுன் எங்கே வெயில்?

வேலிக்கு அப்பால் தங்கம்மாவும் அவள் தமக்கையும். நான் கேட்கத்தான் பேசினார்கள்.

"வடசேரியார் பாவம் புள்ள. தென்சேரி மாமி சோத்தாலயே கொம்ப முறிச்சுப்போட்டா."

"செய்வினைக்குக் காசு குடுக்கிறதெல்லாம் வீண் செலவு கா. ஒரு சட்டி தயிர் காணும்."

அவர்களுக்குப் பகிடி. நானும் சிரித்திருப்பேன், வேறு வீட்டுக் கதை என்றால். அவருக்கு ஒன்று நடந்தால் இந்தப் பகிடியே ஊர்ப்பேச்சாக மாறும். ஊர்ப்பேச்சு போகட்டும். பூ.வின் முகத்தை எப்படிப் பார்ப்பேன்.

சாப்பாட்டில் குறையோ என்று பூ.வை அனுப்பிக் கேட்டேன். "நல்லம் எண்டு சொல்லு" என்று பதில் வந்தது. அப்படியென்றால் பெலம் காணாமல்தான் ஓங்கரிப்பு. நாளைக்கு ஒரு முட்டையும் சேர்க்க வேண்டும்.

சனி

புழுக்கம். நேற்று முட்டையோடு வைத்த தட்டும் வெறுமையாய் வந்தது. பிறகு மறுபடி கிணற்றடி. இன்று நான் எழும்பும்போது அவர் போய்விட்டார். தட்டு மூடியபடி.

பயம். ஓங்கரிப்பு ஒரு பக்கம், பட்டினி ஒரு பக்கம். எதற்குப் பயப்படுவது என்று தெரியாத பயம். அரிசி புடைத்தேன், கல்லைச் சோற்றுக்கும் அரிசியைக் குப்பைக்கும் போட்டிருக்கிறேன்.

ஞாயிறு

இன்றும் சாப்பிடாமல் போனார்.

வெளிச்சம் வந்த கையோடு கந்தப்பனும் இன்னொருவரும் அவரைத் தாங்கிக்கொண்டு வாசல் படலைக்குள் வந்தார்கள். உதடு வெள்ளை. குற்றியைத் தோளில் ஏற்றி நின்றவர் அப்படியே சரிந்தாராம். குற்றி தலையோரம் மணலில் புதைந்ததாம். கந்தப்பன் கை விரித்துக் காட்டினார்: இவ்வளவு இடைவெளி. ஒரு சாண் இல்லை.

பூ. தூணைப் பிடித்தபடி. மற்றக் கை வயிற்றில். அதுதான் எனக்கு இன்னும் பயம்.

பரியாரியார் வந்து நாடி பிடித்தார். நோய் ஒன்றும் இல்லையாம், வயிறு வெறுமையாம். காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். மருமகன் கூரையைப் பார்த்தார். பூ. என்னைப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன்.

பரியாரியார் போனபின் நான் கதவைக் கடந்து அவர் பாயருகே போய் இருந்தேன். இந்த வீட்டுக்கு அவர் வந்ததிலிருந்து முதல் தடவை.

"மனே, உண்மையைச் சொல்லுங்க. என்ர சோறு உங்களுக்கு ஒத்துவரல்லயா?"

எழும்பி இருக்கப் பார்த்தார். வேண்டாம் என்றேன்.

"சோறு நல்லம் மாமி. கூடிப்போச்சு. அவ்வளவையும் திண்டுபோட்டுக் குனிஞ்சா நெஞ்சுக்கு வருகுது."

"மிச்சம் வைக்கிறதுதானே?"

"கூப்பன் காலத்தில நீங்க இருட்டுக்குள்ள எழும்பிப் போட்ட சோறு. மிச்சம் வெச்சா மாமிர கையக் குறை சொன்ன மாதிரி. அதான் சாப்பிடாமலே ஓடிப்போனன்."

நான் நிறைத்தது அவர் மேல் பயத்தில். அவர் வழித்துத் தின்றதும் ஓடியதும் என் மேல் மரியாதையில். நடுவில் பூ. இரண்டு பக்கமும் "நல்லம், நல்லம்" என்று சொல்லிக்கொண்டு.

கொம்பு வேண்டாம் என்று கேட்கத்தான் போனேன். கேட்காமலே எழும்பினேன். அம்மனுக்கு ஒப்புக்கொண்டது. அவர் முகத்தைப் பார்த்தால் மறிக்க முடியாது.

திங்கள்

அவருக்கு ஓய்வு. கஞ்சிக்குக் குரக்கன் தானியம் இடித்தேன்.

பூ. சொன்னாள், "அம்மா, சட்டியையும் அகப்பையையும் அவருக்கு முன்னால வையுங்க. அவரே போடட்டும்." மருமகன் தானே போட்டுச் சாப்பிட்டால் வீட்டுக்கு மரியாதை இல்லை என்று நினைத்து வளர்ந்தவள் நான். ஆனாலும் அவள் சொல்வது சரி. மாட்டை வண்டியில் பூட்டமுன் வயிறு முட்டத் தண்ணீர் காட்டுவோமா? கொஞ்சம் காட்டி, ஆறவிட்டு, வேலை முடிந்தபின் நிறைய. மாட்டுக்குத் தெரிந்து செய்ததை மனிதருக்குச் செய்யவில்லை.

புதன்

நேற்றும் இன்றும் அவரே போட்டார். ஒரு சிரட்டை குரக்கன் கஞ்சி, ஒரு கதலிப்பழம். இவ்வளவுதானா என்று நாக்கு நுனிவரை வந்தது, கடித்துக்கொண்டேன். குடித்தவுடன் குற்றியைத் தொடவில்லை. மாட்டுக்கு வைக்கோல் போட்டார், தோணித் தண்ணீரை இறைத்தார், பிறகுதான் கரைக்குப் போனார். நான் வேலியோரம் நின்று மூச்சை எண்ணினேன். திரும்பி வந்து இரண்டு தட்டுச் சோறு. கிணற்றடியில் சத்தம் இல்லை.

பயம் குறையவில்லை. கிணற்றடியை விட்டுக் கொம்புக்கு இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது.

வெள்ளி

கொம்பு இன்று. வானம் மூட்டம், மழை இல்லை.

போகுமுன் கஞ்சி குடித்தார். சிரட்டையில் இரண்டு வாய் மிச்சம். ஒளிக்கவில்லை, என் முன்னாலேயே வைத்துவிட்டுப் போனார். மிச்சம் கண்டு நான் சந்தோஷப்பட்டது இதுதான் முதல். கோழிக்கு ஊற்றினேன்.

பறை கேட்கிறது. பூ.வைப் போகவேண்டாம் என்றேன், நானும் போகவில்லை. கூக்குரல் எழும்பும்போதெல்லாம் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வேலை செய்தோம். ஒரு பெரிய சத்தம். பிறகு ஒன்றும் இல்லை. அந்த ஒன்றும் இல்லாத நேரத்தில் பூ.வின் அப்பாவை வட்டையிலிருந்து தூக்கி வந்த பாதைதான் கண்ணுக்குள்.

படலை திறந்தது. தன் காலில் நடந்து வருகிறார். கை தோலுரிந்து, உடம்பெல்லாம் புழுதி. வடசேரிக் கொம்புதான் முறிந்ததாம். தங்கம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் முந்திக்கொண்டார்.

"மாமி, தென்சேரி வெண்டுட்டு. இப்ப நிறையப் போடுங்க."

போட்டேன். தட்டு வழிந்து வாசலெல்லாம் சோறு.

இராசம்மா, அன்று சொல்லாமல் விட்ட எண்ணெய் அளவு இது: நாளை விடிய, பாரத்தைத் தொடமுன், ஒரு சிரட்டை கஞ்சியை நீயே ஊற்றிக் குடித்து, ஒரு சின்ன வேலை முடித்துவிட்டுத் தூக்கிப் பார்.