அசனாவின் ராத்தா

20.1.1974, ஞாயிறு

கேற்றைத் திறந்த பிள்ளையின் வலது கைவிரல்களில் மை. இடது கை முழுக்கச் சிவப்பு. முதலில் அதைத்தான் கண்டேன். விளையாட்டுப் போட்டிக்குக் கடதாசிப் பூச் செய்கிறார்களாம், சாயம் ஒட்டிவிட்டதாம். நான் கேட்காமலே சொன்னாள். பெயர் புஸ்பராணி.

மூதூரிலிருந்து லாஞ்சில் கடல் கடந்து வந்து, ஓர்ஸ் ஹில் மேட்டில் ஏறி, தங்கச்சி அசனாவின் கல்லூரி விடுதியை இன்றைக்குத்தான் முதல் தடவை பார்க்கிறேன். விறாந்தையில் சில பிள்ளைகள் எலும்புகளின் பெயர்களைச் சினிமாப் பாட்டு மெட்டில் பாடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி பிழைவிட்டால் மற்றவர்கள் அவள் மேல் பூவை எறிந்தார்கள். அது பாடமாம்! நான் படித்தபோது பாடம் என்றால் குனிந்த தலையும் பிரம்பும். அதுவும் ஆறாம் வகுப்போடு சரி. பெரிய பிள்ளையானதும் நிறுத்திவிட்டார்கள். அசனாவின் முறை வந்தபோது வாத்தியார் வீட்டுக்கே வந்து வாப்பாவோடு சண்டை பிடித்தார். எனக்காக ஒருவரும் வரவில்லை.

"நீங்கள் அசனாவுக்கு ஆர்? எந்தப் பள்ளிக்கூடம்? எத்தினையாம் வகுப்பு?" புஸ்பராணி கேட்டுக்கொண்டே போனாள்.

"நான் அவங்கட வீட்டுல வேலைக்கு நிக்கிறனான்."

என் வாயா சொன்னது? வேலைக்காரியிடம் யாரும் வகுப்புக் கேட்க மாட்டார்கள். அப்போது தோன்றியது அவ்வளவுதான். அவளும் கேட்கவில்லை. என் பெயரை மட்டும் கேட்டுவிட்டு, "குசினிப் பக்கம் இருங்கோ நபீஸா, அசனாவை வரச் சொல்லுறன்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

21.1, திங்கள்

நேற்று எழுதக் கூசி விட்டுவிட்டேன். அசனா குசினிக்கு ஓடி வந்தாள்.

"என்ன ராத்தா இது? உங்கள வேலைக்காரி எண்டு சொன்னீங்களா? இரிங்க, நான் போய்ச் சொல்றன்."

கையைப் பிடித்து நிறுத்தினேன். "சொல்லாத. சொன்னா நான் பொய்க்காரி. பொறகு இந்தப் பக்கம் தலை காட்ட ஏலாது."

 "சரி" என்றாள். தப்பினேன் என்று நினைத்தேன்.

22.1

வாப்பா அந்த லாஞ்சில்தான் என்ஜின் பார்ப்பவர். இன்றைக்குத்தான் கேட்டார்: "அவள் அங்க படிக்கிறாளா, கும்மாளம் அடிக்கிறாளா?"

"ரெண்டும் வாப்பா."

"ரெண்டும் எப்படிப் புள்ள ஏலும்?"

"ஏன், சனம் கதைச்சுச் சிரிச்சா உங்கட என்ஜின் நிண்டு போகுதா?" என்று உம்மா கேட்டா. வாப்பா சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை.

3.2, ஞாயிறு

விடுதியில் அசனாவை இப்போது 'போடியார் மகள்' என்கிறார்கள், பெரிய வயல்காரர் வீட்டுப் பிள்ளையாம். வேலைக்காரி வைத்திருக்கிற வீட்டில் கண்ணுக்கெட்டிய தூரம் வயல் இருக்க வேண்டுமாம். "போடியார் மகளே, வெள்ளாமை வெட்டு முடிய எங்களுக்கும் ஒரு மூட்டை நெல்லு அனுப்படி" என்று ஒருத்தி கத்துகிறாள். நாங்கள் இரண்டு நேரம் மரவள்ளிக் கிழங்கு தின்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? அசனா சிரித்துச் சமாளிக்கிறாள். சோதனையில் இரண்டாம் பிள்ளை. வலைப்பந்துக் குழுவிலும் சேர்த்துவிட்டார்கள்.

பன் புல்லால் இழைத்த பெட்டியில் உம்மா தந்த பலகாரத்தோடு நான் போனபோது சுற்றி ஆட்கள் நின்றார்கள்.

"நபீஸா, பெட்டிய அங்க வை."

வை. ராத்தா இல்லை. வைங்க இல்லை. வைத்தேன்.

நான் கேட்டதைத்தானே செய்கிறாள்! பிறகு ஏன் மூதூர் இறங்குதுறை வரைக்கும் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு, வாப்பா கண்டுவிடக் கூடாதென்று... சீ.

4.2

வீட்டுக்கு வந்தால் ராத்தா என்பாள். வெளியில்? நாளைக்கு அவள் டொக்டரானால்? வெளியில் நான் யார்?

17.2, ஞாயிறு

போகவில்லை. காய்ச்சல் என்றேன். காய்ச்சல் இல்லை.

23.2, சனி

விளையாட்டுப் போட்டி. வாப்பாவுக்கு வேலை, உம்மாவுக்கு இடுப்பு வலி. "அவள் ஓடுறதப் பார்க்க வீட்டாள் ஒண்டு வேணும், நீ போ" என்று அனுப்பிவிட்டா.

உள்ளே போகாமல் வேலிக்கு வெளியே ஐஸ்பழக்காரனுக்குப் பக்கத்தில் நின்றேன். அசனா ஓடி மூன்றாவதாக வந்தாள். கை தட்டக்கூட எனக்குத் துணிவில்லை. ஓடி முடித்த பிள்ளைகள் பந்தலில் தங்கள் தங்கள் வீட்டாரோடு போய் இருந்தார்கள். அசனா மட்டும் அங்கே தனியே இருந்தாள்.

பிறகு வினோத உடைப் போட்டி, வேஷம் கட்டி வர வேண்டும். ஒருத்தி கிழவனாக வந்தாள், ஒருத்தி பொலிஸ்காரனாக. அதற்குப் பிறகு புஸ்பராணி. தலையில் முக்காடு, இடுப்பில் பன் பெட்டி. முக்காட்டு நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்துப் பார்த்து நடந்தாள். நான் அப்படியா நடக்கிறேன்?

ஒலிவாங்கி பிடித்த பிள்ளை கேட்டாள்: "உங்கட பேர் என்ன?"

"எனக்குத் தெரியா. போடியாரக் கேளுங்க."

மைதானம் முழுக்கச் சிரிப்பு. ஐஸ்பழக்காரனும் சிரித்தான். நன்றாகத்தான் செய்தாள். அவளைக் குறை சொல்ல ஏலாது. நான் காட்டிய ஆளைத்தான் அவள் திருப்பிக் காட்டினாள்.

எல்லோரும் அசனாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இரண்டு கையாலும் முகத்தை மூடினாள். தோள் குலுங்கியது. அதைக் கண்டு அவர்கள் இன்னும் சிரித்தார்கள். அது சிரிப்பில்லை. அவளோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்த எனக்குத் தெரியாதா?

கேற்றால் உள்ளே போனேன். மைதானத்துக்கு நடுவால்தான் வழி. பந்தலில் நின்ற பிள்ளை ஒருத்தி மறித்தாள்.

"இதில இருக்க ஏலாது. இது வீட்டாக்களுக்கு."

புஸ்பராணி பெட்டியோடு பக்கத்தில் வந்து நின்றாள். முக்காட்டு நுனி இன்னும் அவள் வாயில் இருந்தது.

"நான் அசனாட ராத்தா," என்றேன். "ஆறாம் வகுப்போட நிண்டவ."

 புஸ்பராணி பெட்டியைக் கீழே வைத்தாள்.

அசனாவுக்குப் பக்கத்துக் கதிரையில் போய் இருந்தேன்.