எர்த் குழி

ஏப்ரல் 6, திங்கள்
காலையிலேயே சுள்ளென்று வெயில். என் பன் ஓவனுக்கு த்ரீ ஃபேஸ் லைன் இழுக்க இண்டூரிலிருந்து எலக்ட்ரீஷியன் செல்வம் வந்தார். என் வீட்டுக்காரர் பிடித்து வந்த ஆள். செல்வம் எது கேட்டாலும் அவரிடமே கேட்கிறார், என் முகத்தைப் பார்ப்பதில்லை. ஓவன் என்னுடையது, தொழிலும் என்னுடையது.
வயர் சுருளில் நகப்பூச்சால் புள்ளி வைத்தேன். மட்ட வயராக மாற்றினால் தெரியும்.

ஏப். 7, செவ்வாய்
புள்ளி அப்படியே. ஆனாலும்.
வாங்க: ஈஸ்ட், வெண்ணெய், மகள் கவிக்குச் செருப்பு.
போர்டு மாட்டியாச்சு. கசியும் கரண்டை மண்ணுக்கு இறக்கும் எர்த் எங்கே என்றேன். "நாளைக்குங்க அக்கா. ஆறடி குழி எடுக்கணும்."

ஏப். 8, புதன்
பாலக்கோட்டில் தங்கை வளைகாப்பு. நாள் முழுக்க அங்கே. திரும்பினால் குழியை மூடி, மேலே சிமெண்ட் பலகை.
"ஆறடியா?"
"ஆறடிதான்," என்றார் வீட்டுக்காரர். செல்வத்துக்குப் பையைக் கட்டுவதிலேயே குறி. எதையோ மறைக்கிறார். தோண்டிய மண் இவ்வளவு கொஞ்சமா?

ஏப். 9, வியாழன்
முதல் தட்டு கருகல். இரண்டாவது நல்ல நிறம். சனிக்கிழமை சாயங்காலம் பள்ளி விழாவுக்கு முந்நூறு பன். பயம், சந்தோஷம், இடுப்பு வலி.

ஏப். 10, வெள்ளி
கவி வெறுங்காலோடு ஓவன் கதவைத் தொட்டு அலறினாள். "அம்மா, இழுக்குது!" பத்து வயதுக் கை. நடுக்கம் அரை மணி நேரம் நிற்கவில்லை. டாக்டர் பார்த்து ஒன்றுமில்லை என்றார்.
மெயினை இறக்கிவிட்டேன். செல்வத்தை வரவழைத்துத் திட்டினேன். திருட்டு வேலை என்றுகூட. தலைகுனிந்து நின்றார். பக்கத்தில் வீட்டுக்காரர், கவியின் கையைத் தேய்த்தபடி. செல்வம் ஒருமுறை அவரைப் பார்த்தார். அது என்ன பார்வை?

ஏப். 11, சனி
வீட்டுக்காரர் குளிக்கப் போனதும் பலகையை நகர்த்தி, கடப்பாரையால் குத்தினேன். இரண்டடியில் ணங். பாறை.
செல்வத்துக்கு போன் போட்டேன். குழி இரண்டடிதானே என்றேன். "பாறை வந்துடுச்சிங்க அக்கா. வேற எடத்துல எடுக்கலாம்னேன். ஆர்டருக்கு லேட்டாயிடும், இதோட மூடு, அவகிட்ட சொல்லாதேன்னாரு அண்ணன். நான் ஒத்துக்கிட்டது தப்புங்க."
திட்டு வாங்கியபோது ஏன் சொல்லவில்லை என்றேன். "உங்க வூட்டுல சண்டை வந்துடும்னுதாங்க."
திருட்டு என்று சொன்னதற்கு மன்னிப்பு கேட்டேன். "பாப்பா எப்படி இருக்குங்க?" என்றார்.
முந்நூறு பன்னை வேறு கடைக்கு விட்டுக்கொடுத்தேன்.

ஏப். 12, ஞாயிறு
கொல்லையில் புதுக் குழி. வீட்டுக்காரரே தோண்டுகிறார். செல்வம் அளவு டேப்பும், கரண்ட் கசிந்தால் தானே அணையும் புது ட்ரிப் சுவிட்சுமாக வந்திருக்கிறார். ஓவனில் லேசான கசிவாம். எர்த் ஒழுங்காக இருந்தால் அது மண்ணுக்குப் போயிருக்குமாம். இப்போது என்னைப் பார்த்தே சொன்னார்.
நாலடி தாண்டியும் மண்தான்.
"ஒனக்காகத்தான் அப்படி செஞ்சேன். ஆர்டர் போயிடுமேன்னு."
தெரியும் என்றேன். நிஜமாகவே தெரியும். பிறகு கேட்டேன்: "வேற எதையாச்சும் எங்கிட்ட சொல்லாதேன்னு யாருகிட்டயாச்சும் சொல்லியிருக்கீங்களா?"
செல்வம் டேப்பைச் சுருட்டிக்கொண்டு தள்ளிப் போனார். குழிக்குள்ளிருந்து கடப்பாரைச் சத்தம் மட்டும்.