லிப்டின் வாயும் என் வாயும்

அன்பு மகளுக்கு, அம்மா சொல்லத் தம்பி எழுதுவது. இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், நம் குடியிருப்பின் லிப்ட், ஒரு வாரமாகத் திறந்த வாயை மூடாமல் நின்றபின், நேற்று மாலை பெரியோர்கள் முன்னிலையில் வாயை மூடிக்கொண்டது. இந்த இடத்தில் அம்மா என் தலையில் தட்டி, மொதல்ல சுகம் விசாரிடா, அப்புறம் தண்டோரா போடு என்கிறாள். ஆகவே அக்கா, இங்கே எல்லோரும் சுகம், நீயும் சுகமாக இருக்க வேண்டும். அம்மாவின் வலது மணிக்கட்டில் மட்டும் மாவுக்கட்டு. பயப்படாதே, விரிசல்தான், முறிவு இல்லை. லிப்ட் ஓடாததால் ஈரத்துணிக் கூடையோடு படியேறி, நாலாவது மாடித் திருப்பத்தில் வழுக்கி விழுந்துவிட்டாள்.

அதனால் இந்தக் கடிதத்தின் வாய் அம்மாவுடையது, கை என்னுடையது. சொன்னதை மட்டும் எழுதணும், சொந்தச் சரக்கைச் சேர்க்கக் கூடாது என்று நிபந்தனை. அரசியல் சட்டம் எனக்குக் கருத்துச் சுதந்திரம் கொடுத்திருக்கிறது என்றேன். சுதந்திரம் அது குடுத்தது, பேனா நான் குடுத்தது, எழுது என்றாள். அந்தச் சுதந்திரம் அரசாங்கத்தின் கையைத்தான் கட்டும், அம்மாவின் கையைக் கட்டாது என்று வக்கீலுக்குப் படிக்கும்போது நீ சொன்னது சரிதான். இப்போது அம்மாவுக்கு ஒரு கை கட்டித்தான் இருக்கிறது, ஆனாலும் ஆட்சி மாறவில்லை.

அம்மா விழுந்த அன்று எனக்கு ரத்தம் கொதித்துப் போயிற்று. முந்தைய வாரம்தான் லிப்ட் மெக்கானிக் வந்து ஏதோ பாகம் மாற்றிவிட்டுப் போயிருந்தார். உடனே அட்டைகளை எடுத்துச் சிவப்பு மையில், நம் மெக்கானிக் பழைய பாகத்தை மாட்டிப் புதுசு என்று ஏமாற்றிய பேர்வழி, அவரால் என் அம்மாவின் கை போச்சு, அவரை நீக்கு என்று கொட்டை எழுத்தில் எழுதி மாடிக்கு மாடி ஒட்டினேன். அத்தனை பேரும் நின்று படித்தார்கள். மூச்சு வாங்க எங்காவது நின்றுதானே ஆக வேண்டும். சங்கத் தலைவர், அந்த ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், கிழிக்க வந்தார். கிழித்தால் என் அடிப்படை உரிமையையே கிழித்ததாகும் என்றேன். தம்பி, நான் சர்க்கார் இல்ல, இது சங்கத்துச் சுவரு, பெயிண்டு உரியுது என்றார். ஆனாலும் கூட்டம் போட்டு முடிவெடுக்கும் வரை மெக்கானிக் லிப்டைத் தொடக் கூடாது என்று அவரே உத்தரவும் போட்டார். பார்த்தாயா, என் பேனாவின் பலத்தை.

அன்றுதான் உனக்குப் போன் செய்தேன். ஒருத்தரோட வேலை மோசம்னு கருத்து சொல்ல உனக்கு உரிமை இருக்கு என்றாய். அப்புறம் ஆனா என்று ஆரம்பித்தாய். வக்கீல் ஆனா என்று ஆரம்பித்தால் பொழுது விடிந்துவிடுமே என்று நான் போனை வைத்துவிட்டேன். மீதியைச் சொன்னது மெக்கானிக். கூட்டம் என்றைக்கு என்று கேட்க வந்தவர் முதல் மாடியில் என் அட்டைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். எழுத்து அழகா இருக்கு தம்பி, ஆனா நான் ஏமாத்தினத நீ பாத்தியா என்று கேட்டார். எல்லாருக்கும் தெரியும் என்றேன். நீ எழுதினப்புறம்தானே எல்லாருக்கும் தெரியும், இத யாரோ போட்டோ புடிச்சு அனுப்பி, அடுத்த தெருவுல ரெண்டு கட்டடத்துல என்ன வர வேண்டாம்னுட்டாங்க, இங்கயும் நாளைக்கு நிறுத்திட்டா நான் பைய மாட்டிக்கிட்டு எங்க போறது என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

நேற்றுக் கூட்டம். லிப்ட் வாசலிலேயே நாற்காலி போட்டார்கள். உன் தம்பி எழுந்தான். உண்மையைச் சொன்னால் அவதூறு ஆகாது என்றான், விமர்சனம் மக்களாட்சியின் மூச்சு என்றான், பத்து நிமிடம் முழங்கினான். தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மூன்றாம் மாடி அத்தை கை தட்டினாள். அவ்வளவுதான் செய்தி.

அம்மா சொல்வது, ராத்திரி ஹீட்டரை அணைத்துவிட்டுத் தூங்கு, ஈரத் தலையோடு வெளியே போகாதே, கோர்ட்டில் வாதாடு, வீட்டுக்காரம்மாவிடம் வாதாடாதே. தீர்க்காயுசாக, நாலு பேர் மெச்ச இரு.

கையெழுத்துக்காகக் கடிதத்தை நீட்டினேன். அம்மா இடது கையால் வாங்கி முழுக்கப் படித்துவிட்டு, போட மாட்டேன் என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். யாரப் பத்தி வேணும்னாலும் எழுதுவ, உன்னப் பத்தி எழுத மாட்டியா என்கிறாள். சரி, எழுதுகிறேன். கூட்டத்தில் நான் வாயைத் திறக்கும் முன்பே மெக்கானிக், ஒரே ஒரு தடவை பாத்துடறேன் என்று கெஞ்சி டார்ச்சோடு மண்டியிட்டார். லிப்ட் கதவோரத்தில் ஒரு சின்னக் கண்ணாடிக் கண் இருக்கிறது, குறுக்கே ஆள் நின்றால் கண்டுபிடிக்க. அதை ஏதாவது மறைத்தால் யாரோ நிற்பதாக நினைத்துக் கதவு மூடாது. அதன் மேலிருந்து நகத்தால் அவர் உரித்தெடுத்தது மஞ்சளாக, வட்டமாக, சிரித்த முகமாக ஒரு ஸ்டிக்கர். கதவு சாதுவாக மூடிக்கொண்டது. யார் ஒட்டினது என்று தலைவர் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை, அம்மாவுக்குத் தெரிந்தது. என் பிறந்தநாளுக்கு நீ அனுப்பிய ஸ்டிக்கர் அட்டையில் ஒன்று குறைவதை அவள் பார்த்திருக்கிறாள். லிப்ட் சிரிக்கட்டுமே என்றுதான் ஒட்டினேன் அக்கா, அது கண் என்று சத்தியமாகத் தெரியாது. இன்றைக்கு அதே அளவு எழுத்தில், நான் எழுதியது பொய், அவர் நேர்மையானவர், ஸ்டிக்கர் என்னுடையது என்று எழுதி எல்லா மாடியிலும் ஒட்டியாயிற்று. நாளைக்கு அடுத்த தெருவின் இரண்டு கட்டடங்களுக்கும் நானே போய்ச் சொல்ல வேண்டும், மெக்கானிக்கும் கூட வருகிறார். அந்த ஸ்டிக்கரை அவர் தன் கருவிப் பையில் ஒட்டிக்கொண்டார்.

பத்து நிமிடம் முழங்கியது குளியலறைக் கண்ணாடி முன்னால், ஒத்திகையில். மூன்றாம் மாடி அத்தை கை தட்டியது கதவு மூடியதற்காக. கூட்டத்தில் நான் பேசியது, அது என்னோடதுதான் சார் என்பது மட்டுமே. அதுவும் அம்மா பின்னாலிருந்து கிள்ளிய பிறகு, கட்டுப் போடாத கையால்.

இப்போது கையெழுத்துப் போட்டுவிட்டாள், கோணலாக இருந்தாலும் அவளுடையதுதான்.

என்றும் உன்
அம்மா