மீதி வழக்கம்போல

மார்ச் 3, செவ்வாய்

மகள் மறுபடியும் போன் செய்தாள். பிரசவத்துக்கு இன்னும் ஆறு வாரம். "அம்மா, வர்றதா இருந்தா போனை வீட்டுலயே வச்சுட்டு வா. அண்ணன் கல்யாண போட்டோ ஒண்ணுலகூட உன் வலது காது தெரியல, போன்தான் தெரியுது."

நான் என்ன செய்ய? எங்கள் காப்பீட்டு அலுவலகத்தின் பெரிய கணினியான மெயின்ஃப்ரேமில் எந்த மென்பொருளை எப்படி நிறுவினோம் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு தினுசு. நான் நகர்ந்தால் அலுவலகமே நின்றுவிடும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. கொஞ்சமா?

மார்ச் 5

மாற்றலாகி வந்திருக்கும் புதியவருக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர் வைத்துவிட்டேன். எல்லா மென்பொருளையும் ஒரே கருவி வழியாகத்தான் நிறுவ வேண்டுமாம். என்ன இருக்கிறது, எது எதை நம்பி இருக்கிறது என்பதையெல்லாம் அதுவே நினைவில் வைத்துக்கொள்ளுமாம். அப்போ நான் எதற்கு?

அச்சு மென்பொருளை எப்படி நிறுவினேன் என்று கேட்டார். "கோப்பை ஏத்துங்க, மீதி வழக்கம்போல" என்றேன்.

"யாரோட வழக்கம் மேடம்?"

"வேற யாரோடது? என்னோடதுதான்!"

மார்ச் 10

அதே அச்சு மென்பொருளுக்குப் பிழை நீக்க ஒரு திருத்தம் வந்தது. மென்பொருளை ஏற்கெனவே தன் கருவியில் பதிந்து வைத்திருந்த சட்டாம்பிள்ளை, திருத்தத்தையும் அதனிடமே கொடுத்தார். அது முரண்டு பிடித்தது. இதற்கு முன் வேறொரு திருத்தம் போட்டிருக்க வேண்டுமாம். "சாப்பிடச் சொன்னா கை கழுவினியான்னு கேக்குது!" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, அவரை நகரச் சொல்லிக் கையாலேயே போட்டேன்.

படுத்துவிட்டது. நல்லவேளை, சோதனை எந்திரம்.

மதியம் வரை நோண்டினேன். எதை மாற்றினேன், பழையது எங்கே — எனக்கே தெரியவில்லை. கருவி பழைய பிரதியைப் பத்திரமாக வைத்திருந்ததாம். சட்டாம்பிள்ளை அதை எடுத்துப் போட்டு, விட்டுப்போன திருத்தத்தை முதலிலும் இதைப் பின்னாலும் ஏற்றி எழுப்பிவிட்டார். ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம்.

மார்ச் 11

பயமாக இருக்கிறது. இதே கூத்து நிஜ எந்திரத்தில், நான் பிரசவ அறை வாசலில் நிற்கும்போது நடந்திருந்தால்?

மார்ச் 16

வெட்கத்தை விட்டு அவரிடம் போனேன். "எல்லாத்தையும் உங்க கருவிக்குள்ள கொண்டு வந்துடலாமா, சட்டாம்பிள்ளை சார்?" — ஐயோ, வாய் தவறிவிட்டது!

"அந்தப் பேரு வச்ச அன்னிக்கே காதுல விழுந்துச்சு மேடம். உக்காருங்க."

மார்ச் 31

கடைசி மென்பொருளும் உள்ளே போனது. மேலாளர் லீவுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார். கேட்டவுடனே! ஒரு மரியாதைக்காவது கெஞ்ச வேண்டாமா அந்த மனிதர்?

ஏப்ரல் 13

பேத்தி. மூக்கு என்னுடையது. மருமகன்தான் ஒப்புக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 16

போன் அடிக்கவே இல்லை. பழுதாகிவிட்டதோ என்று மருமகனை விட்டு அடித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. மாடிப்படிக்குப் போய் நானே சட்டாம்பிள்ளையைக் கூப்பிட்டேன்.

"ரெண்டு திருத்தம் வந்துச்சு மேடம், போட்டாச்சு."

"தகராறு எதுவும்..?"

"ஒண்ணும் இல்லையே."

நல்லதுதான். நல்லதுதானே?

ஏப்ரல் 17

அடித்தது! பாய்ந்து எடுத்தேன். மகள் முறைத்தாள்.

"மேடம், தொந்தரவுக்கு மன்னிக்கணும். காபி மெஷின்ல ரெண்டு நாளா வெந்நீர்தான் வருது. உங்களுக்கு மட்டும்தான் பக்குவம் தெரியுமாமே?"

அப்பாடா! "இடது பக்கம் ஓங்கி ஒரு தட்டு" என்றேன். "மீதி வழக்கம்போல."

"யாரோட வழக்கம் மேடம்?"

அழைப்பைத் துண்டித்து, போனை மகளிடமே கொடுத்துவிட்டுப் பேத்தியை வாங்கிக்கொண்டேன். அந்தப் போனிலேயே ஒரு படம் எடுத்துக் காட்டினாள். அதில் எனக்கு இரண்டு காதும் இருக்கிறது.