பெயர்ப்பலகையில் உன் பெயர்

மட்டக்களப்பு
2009 ஆவணி

அன்பு மகள் ஜிலியன்,

நானும் டடியும் நோய்நொடியில்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே அப்படி இருந்தால் போதும். இதைப் புடவைக்கடை றமீஸ் கையில் கொடுத்துவிடுகிறேன், கடைக்குச் சாரி எடுக்க நாளை சென்னைக்கு வருகிறார், நேரே உன் விடுதிக்குக் கொண்டுவந்து தருவார். தபாலை நம்பவில்லை. வீட்டுத் தொலைபேசியும் போன கிழமையிலிருந்து செத்துக் கிடக்கிறது, அயலில் மற்ற எல்லோருக்கும் வேலை செய்கிறது, ஆனால் இதை அங்கே நின்று பேச முடியாது. சண்டை முடிந்துவிட்டதாம், வாவிப் பக்கம் வெடிச்சத்தம் இல்லை என்பது உண்மைதான், ஆனால் யார் வீட்டுப் பிள்ளை எங்கே இருக்கிறது என்று விசாரித்து வருகிறவர்கள் இன்னும் வருகிறார்கள்.

விஷயம் இதுதான். அழகரத்தினம் என்பவர் நகரில் பிள்ளையில்லாதோருக்கான குழந்தைப்பேற்று நிலையம் திறந்திருக்கிறார். முன்பு துவக்கேந்திய ஆயுதக்குழுக்காரர்களோடு திரிந்தவர், இப்போது கோட்டுப் போடுகிறார். வாசல் பலகையில் கருவியல் நிபுணர் என்று உன் பெயர், உன் பட்டமளிப்புப் படத்தோடு. படத்தைக் கொடுத்தது உன் டடி. மகள் வந்ததும் வேலை தருவதாகச் சொன்னாராம், இவரும் பெருமையில் கொடுத்துவிட்டு, பலகைக்கு முன்னால் நின்று படமும் பிடித்திருக்கிறார். பட்டம் எடுத்தாலும் நீ இன்னும் எலிக் கருக்களில்தான் பழகுகிறாய், மனித முட்டையைத் தனியே தொட விடமாட்டார்கள் என்று எழுதியிருந்தாயே, அதைப் போய்ச் சொல்லிப் பெயரை எடுக்கச் சொன்னேன். "என்ன டீச்சர், மகள் வந்தாச் சரிதானே, மறுகா எலியும் ஒண்டுதான் மனிசனும் ஒண்டுதான்" என்று சிரித்தார். பிறகு மெதுவாக, உன் டடியைப் பற்றி, "நோர்மன் அண்ணன் பின்னேரத்தில தனியத்தானே தூண்டில் போடப் போறவர்" என்று கேட்டார். அடுத்த நாள் பார்த்தால் உன் பெயருக்கு முன்னால் டொக்டர் என்றும் எழுதியிருக்கிறது.

இதோடு நின்றிருந்தால் உன்னை அலைக்கழிக்க மாட்டேன். நமக்கு இறால் கொண்டுவரும் செட்டிபாளையத்து யோகமலரை உனக்குத் தெரியும், சுனாமியில் கடல் வந்தபோது இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்தவள். கடைசிப் பிள்ளையோடு கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்திருந்தாள், அதனால் இந்த நிலையத்தை நம்பிப் போயிருக்கிறாள். முட்டை முதிர ஊசி போட்டிருக்கிறார்கள், ஒரு ஸ்கேன்கூடப் பார்க்கவில்லை. முட்டையை எடுத்து வளர்க்க அங்கே ஆய்வுகூடமே இல்லை, ஒரு கட்டிலும் ஒரு பிரிட்ஜும்தான். நேற்றுப் போய்ப் பார்த்தேன். வயிறு ஐந்து மாதக்காரி போல வீங்கியிருக்கிறது, படுத்தால் மூச்சு வாங்குகிறது, சிறுநீர் சரியாகப் போவதில்லை. ஊசி மிஞ்சினால் வயிற்றில் நீர் கோர்க்கும், ஆளே போய்விடலாம் என்று நீதான் ஒருமுறை எழுதியிருந்தாய். அவளோ சந்தோஷமாக இருக்கிறாள், ஜிலியன், சின்னச் சட்டை தைத்துக்கொண்டிருக்கிறாள். இது நீர், ஆசுபத்திரிக்கு வா என்றேன். போனால் கரு கலைந்துவிடும் என்று அழகரத்தினம் பயமுறுத்தி வைத்திருக்கிறார். "உங்களுக்கு என்னகா டீச்சர் தெரியும், நீங்க தவளைய வெட்டிப் படிப்பிக்கிற ஆள், பலகையில இரிக்கிற உங்கட புள்ள சொல்லட்டும், நான் கேக்கிறன்" என்றாள். அவளுடைய கைத்தொலைபேசியிலிருந்தே உனக்கு எடுத்தேன், நீ ஆய்வுகூடத்தில் இருந்திருப்பாய், பதில் இல்லை. அதற்குள் அழகரத்தினத்தின் ஆள் அடுத்த ஊசியோடு வாசலில் வந்து நின்றான். நான் எழும்பி வந்துவிட்டேன்.

நத்தார்ப் பண்டிகைக்கு வந்து இங்கேயே நம் பெண்களுக்கு வேலை செய்யவேண்டும் என்று எழுதியிருந்தாய். இப்போது வராதே, பயிற்சியை முடி. டடியைத் தனியே வாவிக்கு விடமாட்டேன். ஆனால் இதைப் படித்த கையோடு யோகமலருக்குத் தொலைபேசி எடு, இலக்கம் றமீஸிடம் இருக்கிறது. பேசியது நீதான் என்று அழகரத்தினத்துக்குத் தெரியவரும். அதையும் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஆண்டவரும் தேவமாதாவும் உனக்குத் துணையிருக்கட்டும், நேரத்துக்குச் சாப்பிடு. ஒன்றை மட்டும் மறக்காதே. அவள் முதலில் ஆணா பெண்ணா என்றுதான் கேட்பாள். அந்த நேரம் உன் குரல் இளகக்கூடாது, பொறுத்துப் பார்ப்போம் என்றும் சொல்லாதே. பிள்ளை இல்லை என்று சொல்.

அன்புடன் மம்மி
மியூரியல்