படையலுக்கு ஒரு லோலிட்டா கவுன்

ஆடி மாதம், வியாழக்கிழமை

அம்முலு, நாளைக்கு உனக்கு முதல் வருசப் படையல். உன் படத்துக்கு முன்னால் புதுத்துணி வைக்க வேண்டும். சுடிதார் வாங்க மனசு வரவில்லை. ஜப்பான் பெண்கள் போடுவதாக நீ போனில் காட்டுவாயே, குடை மாதிரி விரிந்த லோலிட்டா கவுன், அதையே தைத்தேன். கடை விலை நமக்குக் கட்டாது என்று நீ மிச்சத் துணியில் தைத்துப் பார்ப்பாயே, அதே மாதிரி செய்தேன். எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளில் துண்டு லேஸ் பொறுக்கினேன். பாவாடை விறைப்பாக நிற்கப் பழைய கொசுவலையை மூன்று அடுக்காக உள்ளே வைத்தேன்.

தையல் மிஷினை இரவல் கொடுத்த பக்கத்து வீட்டுச் செல்வி, "இன்னாக்கா, படையலுக்குப் பொம்ம கவுனா?" என்று சிரித்தாள்.

"என் பொண்ணு இதத்தான் ஆசப்பட்டா. நீ போயி உன் மீன் கொயம்ப பாரு" என்றேன்.

கவுனை உள்பக்கம் திருப்பினாள். சிரிப்பு நின்றுவிட்டது. "இடுப்புல இன்னாத்துக்குக்கா ரெண்டு இன்ச் மடிச்சி வுட்டுக்கீற?"

வளரும் பிள்ளை, அடுத்த வருசம் பிரித்துக்கொள்ளலாம் என்று எப்போதும் விடுவேன். இப்போதும் கை தானாக விட்டிருக்கிறது. செல்வி கத்தரிக்கோலை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

கவுன் மடியில்தான் கிடக்கிறது. அந்த மடிப்பை வெட்டிவிடட்டுமா அம்முலு, அப்படியே இருக்கட்டுமா?